நீர்வீழ்ச்சிக்குப் போகும் குடும்பங்கள் முதலில் பார்க்க வேண்டியது மலையை

பள்ளி விடுமுறை வந்துவிட்டால், செலவைக் கணக்குப் பார்த்துப் பயணம் போகும் குடும்பங்களுக்கு நீர்வீழ்ச்சியைப் போல் வசதியான இடம் வேறு இல்லை. நீர் கேளிக்கைப் பூங்காவுக்கு ஆறு பேர் போனால் நுழைவுச் சீட்டுக்கே பெரும் தொகை போய்விடும். நீர்வீழ்ச்சியில் பல இடங்களில் கட்டணமே கிடையாது. இருந்தாலும் சில ரிங்கிட்தான். விடியற்காலையில் சமைத்த கோழிப் பிரட்டலையும் எலுமிச்சை சாதத்தையும் வேனில் ஏற்றி, பாய், தலையணை, மாற்றுத் துணி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு, தாத்தா பாட்டி முதல் பேரப் பிள்ளைகள் வரை ஒன்றாகப் போய்வரலாம்.

மலேசியாவில் அதற்கு இடங்களுக்கும் குறைவில்லை. பேராக்கில் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையோரத்தில் லாத்தா இஸ்கண்டார் இருக்கிறது. செண்டேரியாங் அருகே மலைச்சரிவில் வெள்ளைக் கோடு போல் இறங்கும் லாத்தா கிஞ்சாங், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போகிறவர்களின் கண்ணிலேயே படும். சிலாங்கூரில் ஏழு அடுக்காக விழும் கஞ்சிங், உலு லங்காட்டில் சுங்கை காபாய், பகாங்கில் பெந்தோங் அருகே சாமாங், நெகிரி செம்பிலானில் ஜெராம் தோய், ஜோகூரில் கோத்தா திங்கி, கெடாவில் ஜெராய் மலையடிவாரத்து அருவிகள் என்று வட்டாரத்துக்கு ஒன்று உண்டு.

ஆனால் விடுமுறை முடிந்ததும் நாளிதழ்களில் ஒரு செய்தியும் திரும்பத் திரும்ப வருகிறது. குளிக்கப் போனவர்கள் அடித்துச் செல்லப்பட்டனர் என்ற செய்தி. அதைப் படிக்கும்போது, "நீச்சல் தெரியாமல் இறங்கியிருப்பார்கள்", "சொன்னால் கேட்டிருக்க மாட்டார்கள்" என்று பலர் பேசிக்கொள்வதுண்டு. பல சம்பவங்களில் உண்மை அதுவல்ல. நல்ல வெயிலில், முழங்கால் அளவுத் தண்ணீரில், பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களையும் ஆறு கொண்டுபோயிருக்கிறது. ஏன் அப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், குடும்பத்தோடு பத்திரமாகப் போய்வருவது கடினமான காரியம் அல்ல.

மேலே மழை, கீழே வெயில்

நீர்வீழ்ச்சியில் ஓடும் தண்ணீர் அங்கே பெய்த மழையில் வந்தது அல்ல. அது பல கிலோமீட்டர் மேலே, மலையின் உச்சியிலும் சரிவுகளிலும் பெய்த மழை. நம் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கலாம். அதே நேரத்தில் மலை உச்சியில் மேகம் கவிந்து, அடைமழை கொட்டிக்கொண்டிருக்கலாம். காடு மறைப்பதால் கீழே இருப்பவருக்கு அது தெரியாது. அருவியின் இரைச்சலில் இடிச் சத்தமும் காதில் விழாது.

இதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழுந்த தண்ணீர் 20,000 டன். ஒரு சிற்றாற்றுக்குத் தண்ணீர் தரும் மலைப்பகுதி 10 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அது 200,000 டன். இருபது டன் ஏற்றும் டாங்கி லாரிகளில் நிரப்பினால் பத்தாயிரம் லாரித் தண்ணீர். அதில் ஒரு பகுதியை மண்ணும் மரங்களும் உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் முந்தைய நாட்களிலும் மழை பெய்து மண் ஊறிப்போயிருந்தால், உறிஞ்ச இடமிருக்காது. பெரும்பகுதி சரிவில் ஓடி, ஒரே ஓடையில் வந்து சேரும். அந்த ஓடையின் அகலம் சில இடங்களில் ஒரு வரவேற்பறை அளவுகூட இருக்காது.

தண்ணீர் மட்டும் வருவதோடு முடிவதில்லை. மழையில் மண் சரிந்து, மரங்கள் விழுந்து, ஆற்றின் குறுக்கே அடைத்துக்கொள்வதுண்டு. அந்த அடைப்புக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அடைப்பு உடையும். தேங்கிய தண்ணீர் மொத்தமும் மரக்கட்டை, பாறை, சேறு எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு ஒரு சுவர் போல் இறங்கும். மலாய் மொழியில் இதைத்தான் 'கெப்பாலா ஆயர்' என்கிறார்கள். தமிழ்ச் செய்திகளில் திடீர் நீர்ப்பெருக்கு என்று எழுதுகிறோம். 'தண்ணீரின் தலை' என்ற மலாய்ப் பெயரே பொருத்தமானது. முதலில் தலை வரும். உடல் பின்னால் வரும்.

அது எவ்வளவு நேரத்தில் வரும்? விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் இறங்கும் தண்ணீர் 3 கிலோமீட்டரைக் கடக்க 17 நிமிடம்கூட ஆகாது. மேலே அடைப்பு உடைந்த நேரத்தில் கீழே ஒரு குடும்பம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்திருந்தால், சாப்பிட்டுக் கை கழுவும்போது தண்ணீர் வந்து நிற்கும். அதுவும் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வராது. கடைசி வளைவைத் தாண்டித் தென்படும்போது, கரையேறக் கிடைப்பது சில விநாடிகளே.

ஜெராய் மலையும் ஜெராம் மாவாரும்

கெடாவின் ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரம். கடலோரச் சமவெளியில் தனியாக எழுந்து நிற்பதால், கடலிலிருந்து வரும் ஈரக் காற்று அதில் மோதி மழையாகக் கொட்டும். மலையைச் சுற்றி யான், மெர்போக், செமெலிங், பீடோங் என்று ஊர்களும் தோட்டங்களும் இருக்கின்றன. உச்சிக்கும் அடிவாரத்துக்கும் தூரம் குறைவு, சரிவு செங்குத்து. 2021 ஆகஸ்ட் 18ஆம் தேதி மலையில் பெய்த அடைமழையால் மண்ணும் மரங்களும் பாறைகளும் கலந்த நீர்ப்பெருக்கு இறங்கியது. தீத்தி ஆயூன் போன்ற மக்கள் விரும்பிக் குளிக்கும் இடங்கள் உருத்தெரியாமல் போயின. வீடுகளில் சேறு புகுந்தது. 6 பேர் உயிரிழந்தனர்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குள் இன்னொரு துயரம். 2023 ஜூலை 1, சனிக்கிழமை. திரங்கானு மாநிலம் கெமாமான் மாவட்டத்தில், ஆயர் பூத்தே அருகே உள்ள ஜெராம் மாவார். ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையை ஒட்டி உல்லாசமாகப் போன உறவினர்கள் கூட்டத்தை நீர்ப்பெருக்கு அடித்துச் சென்றது. பத்துப் பேர் மாண்டனர். நாட்டையே உலுக்கிய சம்பவம் அது.

இந்த இரண்டு தேதிகளையும் கவனிக்க வேண்டும். ஜூலையும் ஆகஸ்டும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். தீபகற்பத்தின் பல பகுதிகளில் ஒப்பளவில் மழை குறைவான மாதங்கள். அப்போதே இப்படி நடக்கிறது என்றால், "இது மழைக்காலம் இல்லையே" என்ற சமாதானம் செல்லாது.

தீபாவளி விடுமுறையும் மாலை மழையும்

நம் சமூகத்துக்கு இதில் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தீபாவளி அக்டோபர் நடுப்பகுதிக்கும் நவம்பர் நடுப்பகுதிக்கும் இடையில் வருகிறது. இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட அந்தக் காலத்தில்தான் மேற்குக் கரை மாநிலங்களில் பிற்பகலிலும் மாலையிலும் இடியுடன் கூடிய கனமழை அதிகம். ஏப்ரல், மே மாதங்களும் அப்படித்தான். நவம்பரிலிருந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கி, கிழக்குக் கரை மாநிலங்கள் வெள்ளத்தில் தத்தளிக்கும். பெருநாள் முடிந்து, வெளியூரிலிருந்து வந்த உறவினர்களை அழைத்துக்கொண்டு அருவிக்குப் போகும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்த நாள்கள் ஆண்டின் மிக ஆபத்தான மழை நாள்களில் விழுகின்றன.

அதிலும் நேரம் முக்கியம். நம் குடும்பங்கள் பெரும்பாலும் காலையில் சமைத்து, பத்து மணிக்குப் புறப்பட்டு, நண்பகலில் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டுவிட்டு இரண்டு மூன்று மணிக்குத் தண்ணீரில் இறங்குகின்றன. மலையில் மேகம் திரண்டு மழை இறங்கும் நேரமும் அதுவே. காலை எட்டு மணிக்கே போய், நண்பகலுக்குள் குளித்து முடித்து, சாப்பாட்டை அதன் பிறகு ஆற்றைவிட்டு எட்ட உள்ள இடத்தில் வைத்துக்கொண்டால், ஆபத்தில் பெரும்பகுதி குறைந்துவிடும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. முதல் நாள் இரவே காய்கறி நறுக்கி வைத்தால் போதும்.

ஊர்ப் பெயரிலேயே இருக்கும் எச்சரிக்கை

நீர்நிலைகளுக்கு மலாய்க்காரர்களும் பூர்வகுடிகளும் வைத்த பெயர்கள் வெறும் அடையாளம் அல்ல. தண்ணீர் அங்கே எப்படி நடந்துகொள்ளும் என்பதை அவை சொல்கின்றன. 'லாத்தா' என்றால் பாறைப் படிகளில் வழிந்து இறங்கும் அருவி. அங்கே வழுக்குதான் முதல் எதிரி. 'ஜெராம்' என்றால் பாறைகளுக்கு இடையே சீறிப் பாயும் நீரோட்டம். அங்கே இழுப்பு அதிகம். 'லுபோக்' என்றால் ஆற்றில் உள்ள ஆழமான மடு. மேலே அமைதியாகத் தெரியும். கீழே கால் எட்டாது. 'உலு' என்றால் ஆற்றின் மேற்பகுதி. மழைத் தண்ணீர் ஓடிவரும் தூரம் அங்கே குறைவு. அதனால் தண்ணீர் ஏறுவதும் வேகம்.

பினாங்கில் முருகன் குடிகொண்ட குன்றுக்குத் தமிழர்கள் வைத்த பெயர் தண்ணீர்மலை. அருகே உள்ள நீர்வீழ்ச்சியால் வந்த பெயர் அது. தண்ணீரையும் மலையையும் ஒரே சொல்லில் சேர்த்துச் சொன்னது பொருத்தமே. அருவியின் குணத்தைத் தீர்மானிப்பது அதன் மலை.

தண்ணீர் தரும் அறிகுறிகள்

ஆற்றோரத் தோட்டங்களில் வளர்ந்த தலைமுறைக்கு ஆற்றின் மொழி தெரியும். தண்ணீர் செம்மண் நிறமானால் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு மேடேறுவார்கள். பிள்ளைகளுக்குக் குரல் கொடுப்பார்கள். தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்கும் தாமானுக்கும் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு ஆறு என்பது வருடத்தில் ஒரு நாள் பார்க்கும் பொருள். நீச்சல் குளத்தில் நன்றாக நீந்தும் பிள்ளைக்குக்கூட ஆற்றின் மாற்றம் கண்ணில் படாது. ஆகவே பெரியவர்கள் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தெளிந்த தண்ணீர் கலங்கித் தேநீர் நிறத்துக்கு மாறுவது முதல் அறிகுறி. இலை, சருகு, சுள்ளி, நுரை ஆகியவை திடீரென்று அதிகமாக மிதந்து வருவது அடுத்தது. சற்று முன்பு வெளியே தெரிந்த ஒரு பாறை மூழ்கியிருந்தால் தண்ணீர் ஏறுகிறது என்று பொருள். மேலிருந்து லாரி வருவது போன்ற உறுமல் சத்தம் கேட்டால், அது பாறைகளும் மரங்களும் உருளும் சத்தமாக இருக்கலாம். தண்ணீர் திடீரென்று குளிர்ந்தாலும் கவனிக்க வேண்டும்.

பலர் அறியாத இன்னோர் அறிகுறி உண்டு. ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் காரணமில்லாமல் சட்டென்று குறைந்தால் மகிழ்ச்சியடையக் கூடாது. மேலே எங்கோ அடைத்துக்கொண்டிருக்கக்கூடும். அடைத்தது உடையும்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும், ஆற்றோட்டத்தின் திசையில் கீழ்நோக்கி ஓடக் கூடாது. தண்ணீர் ஓடுபவரை முந்திவிடும். கரையிலிருந்து பக்கவாட்டில் மேட்டில் ஏற வேண்டும். பாய், சட்டி, கைத்தொலைபேசி எதையும் எடுக்க நிற்கக் கூடாது. ஆற்றுக்கு நடுவே உள்ள பெரிய பாறையில் ஏறி நிற்பதும் தவறு. அது தீவாகிவிடும். சில இடங்களில் எச்சரிக்கைச் சங்கு பொருத்தப்பட்டிருக்கிறது. எந்தப் பக்கம் ஏறுவது, சங்கு எங்கே இருக்கிறது என்பதைத் தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும். பாயையும் கரையோரத்தில் விரிக்காமல், பழைய வெள்ளம் விட்டுப்போன சருகும் குப்பையும் கிடக்கும் கோட்டுக்கு மேலே விரிப்பது புத்திசாலித்தனம்.

அழகான குளத்தின் அடியில்

நீர்ப்பெருக்கு வராத நாளிலும் அருவிக்கு அதன் ஆபத்துகள் உண்டு. உயரத்திலிருந்து விழும் தண்ணீர் காலங்காலமாகப் பாறையைக் குடைந்து குழியாக்கியிருக்கும். கரையில் முழங்கால் அளவு இருக்கும் தண்ணீர், இரண்டு எட்டு வைத்தால் தலைக்கு மேல் போய்விடும். அருவி விழும் இடத்தில் வெள்ளை நுரையாகத் தெரிவது பாதி தண்ணீர், பாதி காற்று. அதில் உடல் சாதாரணத் தண்ணீரில் மிதப்பது போல் மிதக்காது. கீழே போன தண்ணீர் சுழன்று மீண்டும் அருவியின் அடிக்கே இழுக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் அங்கே தப்ப முடியாமல் போவதற்குக் காரணம் இதுதான். தலையில் தண்ணீர் விழ நின்று படம் எடுக்கும் ஆசை பலருக்கு உண்டு. சின்ன அருவியில் அது சரி. பெரிய அருவியில் தண்ணீரோடு கல்லும் கட்டையும் விழும்.

வேகமான தண்ணீரின் பலத்தைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஒரு கனமீட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால், அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. முழங்காலுக்குக் கீழே உள்ள தண்ணீரே ஒரு பெரியவரைச் சாய்த்துவிடும். விழுந்தவர் உடனே எழுந்து நிற்க முயன்றால், கால் பாறை இடுக்கில் சிக்கி, தண்ணீர் முதுகை அழுத்தி முகத்தை மூழ்கடிக்கும். அடித்துச் செல்லப்பட்டால் மல்லாந்து மிதந்து, கால்களை முன்னே நீட்டி, பாதங்களால் பாறையைத் தடுத்துக்கொண்டு, ஓட்டம் தணியும் இடத்தில் கரைப் பக்கம் ஒதுங்க வேண்டும்.

உடையும் ஒரு விஷயம். ஜீன்ஸ், சேலை, சுடிதார் துப்பட்டா, கைலி ஆகியவை தண்ணீரில் கனத்துக் காலைச் சுற்றும். பெண்களும் பெரியவர்களும் உடலை ஒட்டிய இலேசான முழுநீள உடையில் இறங்கலாம். காற்றடைத்த வளையம், வாத்து மிதவை எல்லாம் விளையாட்டுப் பொருள்கள். உயிர் காக்கும் சாதனம் அல்ல. பிள்ளையின் அளவுக்குப் பொருந்தும் மிதவைச் சட்டை வாங்கினால் பல ஆண்டு உதவும்.

மது அருந்திவிட்டுத் தண்ணீரில் இறங்குவதைப் பற்றி நம்மவர்களிடையே வெளிப்படையாகப் பேசத்தான் வேண்டும். போதையில் சமநிலை தவறும், ஆழம் தெரியாது, "இந்தப் பாறையிலிருந்து குதிக்கிறேன் பார்" என்ற வீரம் வரும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியவரே பார்க்கப்பட வேண்டியவராகிவிடுவார்.

ஒருவருக்காகப் பலர் குதிக்கும்போது

மூழ்குகிறவர் கையை ஆட்டி "காப்பாற்றுங்கள்" என்று கத்துவார் என்பது சினிமாவில் வருவது. உண்மையில் மூச்சுக்குத் தவிப்பவரால் கத்த முடியாது. சத்தமில்லாமல், வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்க, ஒரு நிமிடத்துக்குள் மறைந்துவிடுவார். பத்துப் பெரியவர்கள் இருக்கும் கூட்டத்தில் பிள்ளை காணாமல் போவது இதனால்தான். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டால், யாரும் பார்ப்பதில்லை. அரை மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து, அந்த நேரத்தில் அவர் தொலைபேசியைத் தொடாமல் பிள்ளைகளை மட்டும் கவனிக்கலாம். மாமா, சித்தப்பா, அக்கா, அண்ணன் என்று ஆள் நிறைய உள்ள குடும்பத்துக்கு இது எளிது.

ஒருவர் மூழ்கும்போது பாசத்தில் தந்தை குதிக்கிறார்; அவரைக் காப்பாற்ற மாமா குதிக்கிறார். ஒரு மரணம் மூன்றாவது இப்படித்தான். பதற்றத்தில் இருப்பவர் தன்னைக் காப்பாற்ற வந்தவரைப் பிடித்து அழுத்திவிடுவார். ஆகவே தண்ணீரில் இறங்காமல் உதவுவதே முதல் வழி. நீளமான கிளை, கைலி, துண்டு எதையாவது நீட்டலாம். மூடி இறுக்கிய காலித் தண்ணீர்க் கலன், ஐஸ் பெட்டி, மிதவை எதையாவது எறியலாம். வேனில் பத்து இருபது மீட்டர் நைலான் கயிறு ஒன்று இருந்தால், அதன் நுனியில் பாதி தண்ணீர் ஊற்றிய புட்டியைக் கட்டி வீசலாம். அதே நேரத்தில் இன்னொருவர் 999 எண்ணை அழைக்க வேண்டும். கைத்தொலைபேசியில் 112 என்று அழைத்தாலும் அதே சேவைக்குப் போய்ச் சேரும். காட்டுக்குள் அலைவரிசை கிடைப்பது அரிது என்பதால், எந்த இடத்தில் சிக்னல் இருக்கிறது என்பதை உள்ளே வரும்போதே பார்த்து வைப்பது நல்லது.

கரைக்குக் கொண்டுவந்தவருக்கு மூச்சு இல்லையென்றால், வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பதும், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும் பழைய தவறான வழக்கங்கள். அவை நேரத்தை வீணாக்கும். வாந்தி மூச்சுக்குழாயில் போகவும் கூடும். மூழ்கியவருக்கு முதல் தேவை காற்று. தலையைச் சாய்த்து, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, பின்னர் நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்தி, 2 முறை மூச்சு என்று உதவி வரும்வரை தொடர வேண்டும். அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. எழுந்து உட்கார்ந்து "ஒன்றுமில்லை" என்று சொன்னாலும், தண்ணீர் குடித்து மயங்கியவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நுரையீரலில் புகுந்த தண்ணீரின் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தெரியலாம்.

வீடு திரும்பிய பிறகு வரும் காய்ச்சல்

நீர்வீழ்ச்சியிலிருந்து வரும் இன்னோர் ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. எலிச் சிறுநீரில் உள்ள கிருமி தண்ணீரிலும் சேற்றிலும் கலந்து, காலில் உள்ள சிராய்ப்பு வழியாகவோ கண், வாய் வழியாகவோ உடலில் புகும். லெப்டோஸ்பைரோசிஸ் எனப்படும் எலிக் காய்ச்சல் அது. 2010இல் பகாங், மாரான் அருகே லுபோக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கிய ஒருவரைத் தேடும் பணியில் ஈடுபட்டவர்கள் பலருக்கு இந்தக் காய்ச்சலும் மெலியோய்டோசிஸ் என்ற மண்கிருமி நோயும் கண்டு, சிலர் உயிரிழந்தனர். அதே ஆண்டு டிசம்பரில் லெப்டோஸ்பைரோசிஸ், சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்கப்பட்டது.

குளித்து வந்து ஒன்று இரண்டு வாரத்தில், சில சமயம் ஒரு மாதம் வரைகூட, கடும் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், டிங்கியா என்று மட்டும் யோசித்து நிற்காமல் "நீர்வீழ்ச்சியில் குளித்தோம்" என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் சிகிச்சையை விரைவாக்கும். காலில் புண் இருப்பவர்களும், புண் எளிதில் ஆறாத நீரிழிவு நோயாளிகளும் தண்ணீரில் இறங்காமல் இருப்பது நல்லது.

எலி ஏன் அங்கே வருகிறது? நாம் விட்டுவரும் சோற்றுக்கும் எலும்புக்கும்தான். வாழையிலை மக்கிவிடும் என்று ஆற்றோரத்தில் போட்டு வருவதும் எலிக்கு விருந்து. கொண்டுபோன குப்பையைக் கட்டி வேனில் திரும்பக் கொண்டுவந்தால், அடுத்த வாரம் வரும் குடும்பத்தின் பிள்ளைக்குக் காய்ச்சல் வராமல் காக்கலாம்.

திரும்பி வரத் துணிவது

புறப்படும் நாள் காலையில் மெட்மலேசியா எனப்படும் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் 'மைசுவாச்சா' செயலியைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். குளிக்கும் இடத்தின் நிலவரத்தை மட்டும் பார்க்காமல், அந்த மலைக்கு அப்பால் உள்ள மாவட்டத்தையும் பார்க்க வேண்டும். மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் மழையோடு இடிமின்னல் நெருங்கும்போது அத்துறை இடிமழை எச்சரிக்கை விடுக்கிறது. தொடர்மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிலை எச்சரிக்கை உண்டு. இவற்றில் எதுவாக இருந்தாலும் அன்று அருவி வேண்டாம். முந்தைய இரண்டு மூன்று நாள் மலையில் மழை பெய்திருந்தாலும் வேண்டாம்.

மழைக்காலத்தில் வனத்துறையோ மாவட்ட அலுவலகமோ இடத்தை மூடியிருந்தால், வேலியைச் சுற்றிப் பின்வழியாக நுழைவது சாமர்த்தியம் ஆகாது. அனுமதியின்றி வனக் காப்பகத்தில் நுழைவது 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி அபராதமும் சிறையும் விதிக்கக்கூடிய குற்றம். அதைவிட முக்கியம், மூடிய இடத்தில் ஆபத்து வந்தால் உதவிக்குப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

இவ்வளவும் தெரிந்தாலும், கடைசியில் சிக்கல் வேறு இடத்தில்தான் வருகிறது. இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தாயிற்று. பிள்ளைகள் உடை மாற்றிவிட்டார்கள். சமைத்தது சூடாக இருக்கிறது. மலைமேல் மேகம் கறுக்கிறது. அப்போது "வேண்டாம், திரும்பலாம்" என்று சொல்பவர் எல்லோருடைய மகிழ்ச்சியையும் கெடுத்தவராகத் தெரிவார். "உனக்கு எப்போதும் பயம்தான்" என்று யாராவது கேலி செய்வார்கள். பெரும்பாலும் அந்தக் குரல் ஒரு பாட்டியுடையதாகவோ மருமகளுடையதாகவோ இருக்கும். அதனாலேயே அது எடுபடாமல் போகும்.

இதற்கு ஒரு வழி உண்டு. கூட்டத்தில் யார் ஒருவர் "வேண்டாம்" என்றாலும், விவாதம் இல்லாமல் எல்லோரும் கரையேறுவது என்று புறப்படும் முன்பே பேசி முடித்துக்கொள்வது. காரணம் கேட்பதைக் கரையில் உட்கார்ந்து வைத்துக்கொள்ளலாம். மாற்று இடம் ஒன்றையும் முன்கூட்டியே யோசித்து வைத்தால் ஏமாற்றம் குறையும். வழியில் உள்ள கோயில் மண்டபமோ, ஊர்த் திடலின் பந்தலோ, நெடுஞ்சாலை ஓய்விடமோ போதும். எலுமிச்சை சாதமும் பிரட்டலும் அங்கேயும் அதே ருசிதான். மேகம் கலைந்த இன்னொரு நாள் காலையில் மறுபடியும் புறப்படலாம்.